பரண் மேல் ஒரு வீணை

‘வாங்கலாமா?’ பகுதி

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். மானாமதுரைப் பானையை விரலால் நாலு தட்டுத் தட்டி, ‘கண்’ என்று சத்தம் வந்தால்தான் பர்ஸைத் திறக்கிறோம். இத்தனை சாமர்த்தியமும் உள்ள நாம், பெண்ணுக்கு ஒரு வீணை வாங்க வேண்டும் என்று கடைப் படி ஏறியதும் என்ன ஆகிறோம்? யாளி முகம் அழகாக இருக்கிறது, சிவப்பும் தங்கமுமாகச் சித்திர வேலை செய்திருக்கிறது, மெருகு கண்ணைப் பறிக்கிறது என்று சொல்லி, கண்ணை மட்டும் நம்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். காது என்று ஒன்று இருப்பது, மூன்று மாதம் கழித்துப் பாட்டு டீச்சர் முகத்தைச் சுளிக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது!

தையல் மெஷினிலிருந்து தண்ணீர் வடிகட்டும் கருவி வரையில் இந்தப் பகுதியில் எத்தனையோ சாமான்களைப் பற்றிப் பேசியாகிவிட்டது. வாத்தியத்தைப் பற்றி இந்த வாரம் பேச வைத்தவர் வண்டியூர்ச் சகோதரி ஒருவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. மகளுக்கு ஒன்பது வயது. ஒரு வருஷமாக வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இப்போது வீணையில் ஆசை வந்திருக்கிறது. வீட்டுப் பரணில் மாமியாருடைய வீணை ஒன்று பழைய போர்வைக்குள் நாற்பது வருஷமாகத் தூங்குகிறது. மெட்டுக்கள் இரண்டு கழன்றுவிட்டன. சுரைக்குடுக்கை உடைந்திருக்கிறது. பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்து, “ஹாலில் அலங்காரத்துக்கு வைக்க ஆகும்” என்று ஒரு விலையும் சொல்லியிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டுப் புதிதாக வாங்கலாம் என்பது கணவரின் யோசனை. மாமியாரும், “கொடுத்துவிடு, இடத்தை அடைக்கிறது” என்கிறாராம். புதிதா, பழையதா, எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்கிறார் சகோதரி.

கடிதத்தின் ஓரத்தில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதிய மாதிரி ஒரு வரி இருக்கிறது. ‘கல்யாணத்துக்கு முன்னால் அத்தை நன்றாக வாசிப்பார்களாம். நான் ஒரு நாளும் கேட்டதில்லை.’ அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கடைக்குப் போவோம்.

எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது?

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் தஞ்சாவூர் வீணை. தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் இருபத்து நாலு மெட்டுக்களை நிலையாகப் பதிக்கும் முறை ஏற்பட்டது என்பார்கள். அதனால் ரகுநாத வீணை என்றும் பெயர் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்கள், இரண்டு ஸ்தாயிக்கு இருபத்து நாலு மெட்டு. கணக்கு அவ்வளவுதான். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வீணையின் அங்கங்களை ஒரு தடவை பெயர் சொல்லிப் பார்த்துக்கொள்வோம். கடைக்காரரிடம் பெயர் தெரிந்து பேசினால் மரியாதையே தனி! வலது பக்கம் உருண்டையாக இருப்பது குடம். அதிலிருந்து நீண்டு போவது தண்டி. தண்டியின் கோடியில் வளைந்து நிற்பது யாளி முகம். அதன் அருகே கீழே தொங்குவது சுரைக்குடுக்கை. வாசிக்கிறவரின் இடது தொடையில் அமர்வது அதுதான். இப்போது சுரைக்காய்க்குப் பதில் காகிதக் கூழிலும் ஃபைபரிலும் செய்கிறார்கள். குடத்தின் மேல் பலகையில் நிற்பது குதிரை. அதன் மேல் ஒரு பித்தளைத் தகடு. தந்தியை முறுக்கும் முளைக்குப் பிரடை என்று பெயர். தந்திகள் ஏழு. வாசிக்கும் தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலு. பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று.

இந்த அங்கங்களையெல்லாம் மனத்துக்குள் இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தந்தி, பிரடை, குதிரைத் தகடு, சுரைக்குடுக்கை, மெட்டு, மெட்டைப் பிடித்திருக்கும் மெழுகு, மெருகு ஆகியவற்றை மாற்றலாம். குடத்தின் மரத்தையும், அதைக் குடைந்திருக்கும் கனத்தையும், தண்டியின் நேரையும் மாற்ற முடியாது. புதிது வாங்கினாலும் பழையது வாங்கினாலும் விதி ஒன்றுதான். மாற்றக் கூடியதில் குறை இருந்தால் பேரம் பேசுங்கள். மாற்ற முடியாததில் குறை இருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நாம் சாதாரணமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். மெருகு மங்கியிருக்கிறது என்று நல்ல வீணையை வேண்டாம் என்கிறோம். தண்டி வளைந்ததை, “வண்ணம் நன்றாயிருக்கிறதே” என்று எடுத்துக்கொள்கிறோம்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலில் மரம். தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம்தான். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவைத் தஞ்சை ஆசாரிகள் விரும்பி வாங்குவார்கள். நன்றாக முற்றி, உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈரம் முழுதும் போகாத மரத்தில் செய்த வீணை, வீட்டுக்கு வந்த பிறகு சுருங்கத் தொடங்கும். சுருங்கினால் வெடிக்கும். பானையைத் தட்டுகிற அதே விரலால் குடத்தைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, உள்ளே காற்று நிறைந்த சத்தம் வர வேண்டும். ஓரிடத்தில் ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் அங்கே முடிச்சோ, விரிசலோ, கெட்டியாக விட்ட மரமோ இருக்கிறது. பாணபத்திரருக்காக இறைவனே விறகு சுமந்து வந்து பாடினார் என்று திருவிளையாடல் சொல்லும் ஊர் மதுரை. விறகுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாமல் போகலாமா?

குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே மரத்துண்டில் செதுக்கியதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர். ஏகாந்த வீணை என்றும் சொல்கிறார்கள். பெரிய மரம் வேண்டும், வேலை அதிகம், அதனால் விலையும் அதிகம். தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. கற்றுக்கொள்ளத் தொடங்கும் குழந்தைக்கு ஒட்டு வீணையே போதும். ஒட்டிய இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தண்டி. யாளிப் பக்கமாகத் தலையைத் தாழ்த்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடத்தை நோக்கிப் பாருங்கள். அரிசி மூட்டை இறக்கிய மூங்கில் மாதிரி நடுவில் வளைந்திருக்கக் கூடாது. சந்தேகமாயிருந்தால் கோலத்துக்குப் போடுகிறாற்போல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். மேல்நாட்டுக் கிதார்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. கொஞ்சம் வளைந்தால் சாவி போட்டுத் திருகி நேராக்கிவிடுவார்கள். அப்படியிருந்தும், பழைய கிதார் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கழுத்து நேராக இருக்கிறதா என்பதைத்தான். நம் தண்டிக்குள் கம்பியும் இல்லை, சாவியும் இல்லை. நாம் இன்னும் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்!

மூன்றாவது, மேளம். கல்யாண மேளம் அல்ல. மெட்டுக்களை மெழுகில் பதித்து ஸ்வரம் சேர்ப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகில் குங்கிலியமும் கறுப்புக்குக் கரித்தூளும் சேர்த்துத் தண்டியின் இரு விளிம்பிலும் கரை கட்டி, அதன் மேல் இருபத்து நாலு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு வைப்பார்கள். மரம் எவ்வளவு உசத்தியானாலும், மேளம் பிசகினால் குழந்தை தப்பு ஸ்வரத்தையே சரி என்று பழகிக்கொள்ளும். ஒரு தடவை காதில் ஏறிய அபஸ்வரத்தை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பாட்டு டீச்சர்களைக் கேட்டால் தெரியும்.

இதைச் சோதிக்கச் சங்கீத ஞானம் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். கடைக்காரரைத் தந்திகளைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு யாளிப் பக்கத்திலிருந்து மெட்டுக்களை எண்ணிக்கொள்ளுங்கள். பஞ்சமத் தந்தியை ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டினால், சாரணியைச் சும்மா மீட்டும்போது வருகிற அதே ஸட்ஜம் வர வேண்டும். மந்தரத்தை ஏழாவது மெட்டில் அழுத்தினால் பஞ்சமத் தந்தியின் ஒலியும், பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் சாரணியின் ஒலியும் வர வேண்டும். இரண்டு ஒலியும் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே ஒலியாகிவிட்டால் சரி. ‘வ்வ்வ்’ என்று அலை அடித்தால் எங்கேயோ பிசகு. கடலுக்கு அப்பால் பேஸ் கிதார் வாசிக்கிறவர்களும் இதே ஐந்தாவது மெட்டுக் கணக்கை வைத்துத்தான் ஒரு தந்தியோடு அடுத்த தந்தியைச் சேர்க்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. காதில் நம்பிக்கை இல்லாதவர்கள் கைபேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்தும் பார்க்கலாம்.

“அண்ணே, இந்த ஏழாவது மெட்டிலே ‘ப’ கொஞ்சம் ஏறி நிற்கிறதே?” என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஆசாரியாக இருந்தால், “ஆமாம்மா, வெயில்லே மெழுகு இளகியிருக்கு. ஒக்காருங்க, சரி பண்ணித் தரேன்” என்பார். “அதெல்லாம் வாசிக்க வாசிக்கச் சரியாயிடும்” என்று சொல்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாசிக்க வாசிக்க மேளம் கெடுமே தவிர, தானாகச் சரியாகாது.

நாலாவது, கமகம். ஒரு மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேலே உள்ள இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பேச வைப்பதில்தான் வீணையின் உயிர் இருக்கிறது. இழுக்கும்போது தந்தி அடுத்த மெட்டில் உரசி ‘கிர்ர்’ என்றால் மேளம் சரியில்லை, அல்லது மெட்டு தேய்ந்திருக்கிறது. ஐந்தாவது, கார்வை. ஒரு தந்தியை மீட்டிவிட்டு, மனத்துக்குள் எண்ணுங்கள். ஒலி எவ்வளவு நேரம் தேயாமல் நிற்கிறது? அந்தக் கடையிலேயே நாலு வீணைகளை இப்படி மீட்டி எண்ணிப் பார்த்தால், எது நல்ல மரம் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறாவது, பிரடை. முறுக்கி வைத்த இடத்தில் நிற்கிறதா, வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். இது சில்லறைக் குறைதான், சாக்குத் தூளே பாதி வைத்தியம்.

கடைசியாக ஒன்று. வாசிக்கப் போகிறவள் பெண். வாங்கப் போகிறவர்கள் அப்பாவும் அம்மாவும் மட்டும் என்றால் எப்படி? புடவைக் கடைக்குக் கூட்டிப் போகிறோம், வீணைக் கடைக்குக் கூட்டிப் போவதில்லை! குழந்தையைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, வீணையை மடியில் வைத்துப் பாருங்கள். இடது கை தண்டியைச் சுற்றி வந்து முதல் மெட்டு வரைக்கும் சிரமமில்லாமல் எட்டுகிறதா? தோள் தூக்கிக்கொள்கிறதா? எட்டாவிட்டால் அளவில் சிறிய வீணை கேளுங்கள். கற்றுக்கொடுக்கும் டீச்சரையும் கூட அழைத்துப் போனால் இன்னும் உத்தமம்.

விலை விசாரிக்கும்போது மொத்தமாகக் கேட்காதீர்கள். வீணைக்கு எவ்வளவு, சித்திர வேலைக்கு எவ்வளவு, பெட்டிக்கும் உறைக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சித்திர வேலையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை மரத்துக்குக் கொடுத்தால், உங்கள் பெண் உங்களை வாழ்த்துவாள். முதல் வருஷத்துக்குள் ஒரு தடவை மேளம் சரிசெய்ய வேண்டி வரும். அதை யார் வந்து செய்வார், என்ன கூலி என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

பழைய வீணை என்றால்?

பழைய வாத்தியம் என்றாலே உசத்தி என்று ஓர் எண்ணம் உலகம் முழுவதும் இருக்கிறது. ‘பீட்டில்ஸ்’ குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் முப்பது பவுன் கொடுத்து ஒரு ஹாஃப்னர் பேஸ் கிதார் வாங்கினார். 1972-ல் அது திருட்டுப் போயிற்று. ரசிகர்கள் விடாமல் தேடி, ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கண்டுபிடித்து, அவரிடமே சேர்த்த செய்தி 2024-ல் வெளியாயிற்று. இன்று ஏலத்துக்கு வந்தால் அதன் விலையைக் கேட்டு மயக்கம் போட வேண்டியதுதான்! ஆனால் அந்த விலை மரத்துக்கா, வாசித்த விரலுக்கா? வீணையிலும் அதே கதைதான். ‘நூறு வருஷத்து வீணை’ என்று யாராவது சொன்னால், வயதுக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். நாதத்துக்குக் கொடுங்கள்.

வயதினால் ஒரு லாபம் உண்டு. நாற்பது வருஷம் காய்ந்த மரம் இனிமேல் சுருங்கி வெடிக்கப் போவதில்லை. கெட வேண்டியது இதற்குள் கெட்டிருக்கும், கெடாதது நிற்கும். ஆகவே பழைய வீணையில் முன்பு சொன்ன சோதனைகளோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். குடத்தைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் துணி மேல் மெதுவாகத் தட்டுங்கள். மாவு மாதிரி மரத்தூள் கொட்டினால் உளுப்பு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். விரிசல் இருந்தால் அது மேல் பலகையிலா, குடத்திலா என்று பாருங்கள். மேல் பலகையை மாற்றலாம். குடம் பிளந்திருந்தால் யோசிக்க வேண்டும். மெட்டு கழன்றது, மெழுகு உதிர்ந்தது, தந்தி துருப்பிடித்தது, சுரைக்குடுக்கை உடைந்தது எல்லாம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அத்தனையும் மாற்றக் கூடிய பட்டியலில் உள்ளவை. கண்ணுக்குப் பிணமாகத் தெரிகிற வீணை, கைதேர்ந்த ஆசாரியிடம் போனால் சில நாளில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

மூன்றாவது விஷயம் சட்டம் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்து வீணைகள் சிலவற்றில் குடத்தைச் சுற்றியும் தண்டியின் விளிம்பிலும் யானைத் தந்தத்தில் வேலை செய்திருப்பார்கள். இப்போது பிளாஸ்டிக்தான். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986-ல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடுத்தது. 1991-ல் வந்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்துக்கொண்டது. ‘பாட்டி காலத்து வீணைதானே’ என்று தந்த வேலை உள்ளதை விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். பழைய சாமான் வியாபாரியிடம் பேரம் பேசுவதற்கு முன்னால், அந்த வெள்ளைப் பட்டை எதனால் ஆனது என்று தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். தந்தமாக இருந்தால், வீட்டில் வைத்திருக்கும் விஷயமாக வனத்துறையில் கேட்டுக்கொள்வதும் நல்லது.

இணையத்தில் படம் போட்டு விற்கிறார்களே என்று கேட்பீர்கள். படத்தில் மெருகு தெரியும், நாதம் தெரியாது. ஒவ்வொரு மெட்டாக மீட்டி வீடியோ அனுப்பச் சொல்லலாம். என்றாலும் நேரில் போய் மடியில் வைத்துப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

சேர்த்து வைப்பவர்கள்

வாத்தியங்களைச் சேர்த்து வைப்பது ஒரு கலை. கல்கத்தாவைச் சேர்ந்த ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் 1876-ல் பெல்ஜிய மன்னருக்குச் சுமார் நூறு இந்திய வாத்தியங்களை அனுப்பி வைத்தார். மறு வருஷம் பிரஸ்ஸல்ஸில் ஏற்பட்ட வாத்தியக் காட்சிசாலைக்கு அவை ஆரம்ப முதல் ஆயின. சென்னை எழும்பூர் அரசு மியூசியத்திலும் பழைய வாத்தியங்களைப் பார்க்கலாம். அங்கெல்லாம் வாத்தியம் ஊமையாக இருந்தாலும் ஒரு பிரயோஜனம் உண்டு. வரப்போகிற ஆசாரிக்கு அளவும் அமைப்பும் அங்கே இருக்கின்றன.

ஆனால் ஹால் மூலையில், பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் சாத்தி வைக்கிறார்களே, அந்த வீணையால் யாருக்கு என்ன லாபம்? வருகிறவர்கள், “யார் வாசிப்பார்கள்?” என்று கேட்பார்கள். “யாரும் இல்லை, சும்மா அழகுக்கு” என்று பதில் சொல்ல வேண்டும். அலங்காரத்துக்கு வேண்டுமானால் பூம்புகார் கடையில் கையடக்கமாகக் குட்டி வீணைகள் கிடைக்கின்றன. வாசிக்கக் கூடிய வீணையை நாதம் அடைத்துச் சுவரில் மாட்டுவது பாவம்.

ஓரத்தில் எழுதிய வரி

இப்போது வண்டியூர்ச் சகோதரிக்கு. பரண் மேல் இருப்பதை இறக்குங்கள். ஈரத்துணி போடாமல், உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடையுங்கள். தண்டி நேராக இருக்கிறதா, குடம் உளுத்திருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் புதிது வாங்க வேண்டாம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், மேளம் கட்டி, தந்தி மாற்றி, புதிய சுரைக்குடுக்கை பொருத்தி வாருங்கள். தண்டி வளைந்திருந்தாலோ குடம் உளுத்திருந்தாலோ, தயங்காமல் புதிது வாங்குங்கள். குழந்தைக்குப் பெரிய கையாகும் வரை வேறு சிறிய வீணை வேண்டும் என்று டீச்சர் சொன்னால், அதையும் கேளுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் அத்தையைக் கேளுங்கள்.

“கொடுத்துவிடு, இடத்தை அடைக்கிறது” என்று அவர் சொன்னதை நான் முழுதும் நம்பவில்லை. இடத்தை அடைக்கிற சாமானை நாற்பது வருஷம் போர்வை சுற்றி யாரும் காப்பாற்றுவதில்லை. நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்களுக்கு வீணை, பெண் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் தேவைப்பட்ட வித்தை. “பெண்ணுக்குப் பாடத் தெரியுமா, வீணை தெரியுமா?” என்று கேட்டார்கள். ஒரு கீர்த்தனம் வாசித்துக் காட்டினாள். “பேஷ்” என்றார்கள். கல்யாணம் ஆயிற்று. புக்ககத்துக்குக் கட்டில், பாத்திரம், பண்டத்தோடு வீணையும் வந்தது. அப்புறம் சமையல், குழந்தை, மாமனாருக்கு மருந்து, மைத்துனருக்கு டிபன். வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாசி என்றும் யாரும் சொல்லவில்லை. வீணை முதலில் மூலைக்குப் போயிற்று. பிறகு அலமாரியின் மேல் ஏறியது. பிறகு பரண்.

மதுரைக்கு வீணை புதிதல்ல, வீணை வாசித்த பெண்களும் புதிதல்ல. எம். எஸ். சுப்புலக்ஷ்மி 1916-ல் பிறந்தது இந்த மதுரையில்தான். அவருடைய தாயார் ஷண்முகவடிவு வீணை வித்துவாம்சினி. பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். சென்னையில் வீணை தனம்மாள் (1867-1938) வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்த கச்சேரியைக் கேட்கப் பெரிய பெரிய வித்துவான்களெல்லாம் வந்து உட்காருவார்களாம். அவர்களுக்கு வீணை வாழ்க்கையாக இருந்தது, ஆகவே பரணுக்குப் போகவில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு அது வாழ்க்கைக்குள் நுழைவதற்கு ஒரு சீட்டாக இருந்தது. சீட்டுக் கிழித்த பிறகு அதை யார் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

அதனால் சகோதரி, வியாபாரிக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலையெல்லாம் முடிந்த பிறகு, அத்தையின் பக்கத்தில் உட்காருங்கள். “அத்தை, இதிலே முதல் முதலாக என்ன வாசித்தீங்க?” என்று கேளுங்கள். “விற்கலாமா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டார், அதுவும் உங்களுக்குச் சௌகரியமான பதிலாக! முதல் பாட்டைக் கேட்டால் வேறு பதில் வரலாம். வராமலும் போகலாம். நிஜமாகவே அவருக்கு ஆசை விட்டுப் போயிருந்தால், அதையும் மதிக்க வேண்டியதுதான். ஆனால் கேட்காமலே முடிவு செய்வது நியாயமில்லை. வீணை அவருடையது.

அவர் மனம் இளகினால் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. குழந்தைக்கு டீச்சர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற ஐந்து நாளும் ‘அப்பத்தா, இந்த இடம் சரியா?’ என்று கேட்க வீட்டிலேயே ஒரு காது இருக்கும். எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது.

வெயிலும் வீணையும்

வீணை வந்த பிறகு மதுரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அழகர் வந்து தங்கிப் போகும் சித்திரை மாதத்தில் வண்டியூரில் மெழுகுவத்தியே வளைந்துவிடும். மெட்டைத் தாங்கும் மெழுகு எம்மாத்திரம்! மொட்டை மாடி அறையிலும், மேற்கு வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். காரில் வைத்துப் பூட்டிவிட்டு ஜவுளிக் கடைக்குப் போகவே வேண்டாம். திரும்பி வருவதற்குள் இருபத்து நாலு மெட்டும் இருபத்து நாலு திசையில் நகர்ந்திருக்கும். தரையில் பாய் விரித்து, காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, பருத்தித் துணியால் மூடி வையுங்கள். நீண்ட நாள் வாசிக்காமல் ஊருக்குப் போவதானால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போங்கள். வாசித்து முடித்ததும் தந்தியில் கை வியர்வை நிற்காமல் துடையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, முடியாவிட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, மேளத்தை ஆசாரியிடம் காட்டுங்கள்.

இத்தனை பத்திரமும் வாசிக்கிற வீணைக்குத்தான். விஜயதசமியன்று மீனாட்சியம்மன் கோயிலில் நூற்றெட்டு வீணைகள் ஒன்றாகச் சேர்ந்து வழிபாடு நடத்துவதைக் கேட்டவர்களுக்கு, அத்தனை வீணைகளும் ஒரே சுருதியில் நிற்பதற்கு எத்தனை வீடுகளில் எத்தனை நாள் பழக்கம் வேண்டியிருந்திருக்கும் என்பது தெரியும்.

சரஸ்வதி பூஜையன்று வீணைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூ வைத்துக் கும்பிடுங்கள். அன்று ஒரு நாள் வாத்தியத்தைத் தொட்டு வாசிக்கக் கூடாது என்பது சம்பிரதாயம். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளைக்கும் அந்தச் சம்பிரதாயம் கிடையாது!